சபையில் எல்லா வேலையும் செய்கிறேன், உள்ளுக்குள் மாற்றம் இல்லை. சீஷத்துவம் (இயேசுவின் சீடனாக வாழ்வது) என்றால் நடைமுறையில் என்ன?

ஹோரமாவு_வாசி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வேலை இங்கே பெங்களூரில், அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், காலேஜ் படிக்கும்போது ஒரு முகாமில் மனந்திரும்பியவன். ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறேன். வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். ஞாயிறு பள்ளிக்கு டீச்சர் வராவிட்டால் அதுவும் என் தலையில்தான். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன வாரம் என் மனைவி சண்டை எதுவும் இல்லாமல், மாவு பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "சபையில கிட்டார் வாசிக்கிறாரே, அவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. எனக்கும் அவரைப் பார்க்கணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கன்வென்ஷன் முடிந்த சூட்டில் கொஞ்ச நாள் நன்றாக இருப்பேன். அப்புறம் டின் ஃபேக்டரி டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது பழைய ஆள்தான் நுழைவான். ஆபீஸில் ஜூனியர் பசங்களிடம் பேசும் விதமும் அப்படித்தான்.

யோவான் 10:10-ல் ஆண்டவர் சொல்லும் பரிபூரண ஜீவன் என்பது இதுதானா? சீஷத்துவம், உள்ளான மாற்றம் என்று நிறைய பிரசங்கம் கேட்டாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். "நல்லா ஜெபிங்க பிரதர்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.

---

காலைத்துதி

நல்லா ஜெபிங்க பிரதர் 🙏

---

பங்காரப்பேட்டை_லோக்கல்

தம்பி, நான் கே.ஜி.எஃப்.காரன், கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போன கூட்டத்தில் நானும் ஒருத்தன். சீஷத்துவம் பற்றி எனக்குப் புத்தக அறிவு கிடையாது. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சாம்பியன் ரீஃப் பக்கம் எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெரியவர் இருந்தார். ஷிப்ட்டில் மேஸ்திரி. வட்டிக்கு விடுவார். சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே நிற்பார். சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்ததும் வசூல். கடனுக்கு ஈடாக ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு பிஸ்கட் டின் நிறைய ரேஷன் கார்டு. அரிசி வாங்கக்கூட அவர் வீட்டுக்குப் போய்க் கார்டை இரவல் கேட்டு வாங்கிவர வேண்டும்.

ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அவர் அழுது மனந்திரும்பினார். சபை முழுக்க சந்தோஷம், சாட்சி சொல்ல மேடையேற்றினார்கள். எங்கள் உபதேசியார் மட்டும் மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாராம்: "ஐயா, அந்த டின் எங்கே இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். வேதபாடமெல்லாம் பிறகு. அந்த மழைக்காலம் முழுக்க அந்த மனுஷன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே நாளில் செய்திருந்தால் பெரிய சாட்சியாகியிருக்கும். அப்படி முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு வேறு. சில வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா கார்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். முதல் சில வீடுகளுக்கு உபதேசியாரும் கூடப் போனார். உள்ளே போகாமல் தெருவில் நிற்பார், அவ்வளவுதான். என் அப்பாவின் கார்டும் அப்படி வந்ததுதான்.

லூக்கா 19-ல் வரி வசூல்காரன் சகேயு செய்ததும் இதுதான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை. ஆண்டவர் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார், அவன் கணக்கு நோட்டைத் திறந்தான். நம் சபைகளில் சாப்பாடு வரைக்கும்தான் வருகிறோம்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: உன் டின் எது என்று பார். உன் மனைவியிடம் கேள், அவளுக்குத் தெரியும். அப்புறம் தெருவில் நிற்க ஒரு ஆளைத் தேடு.

---

கேள்விக்குறி

பெரியவர் கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "ஒரு ஆளைத் தேடு" என்று இவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள்.

என் தம்பி இதே ஊரில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்த்தவன். ஒரு குழுவில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். அங்கேயும் சீஷத்துவம்தான் பேச்சு. ஒவ்வொருவனுக்கும் மேலே ஒரு லீடர். முதலில் வேதம் படித்தாயா, ஜெபித்தாயா என்று கேட்டார்கள். பிறகு சம்பளம் எவ்வளவு, யாரிடம் போனில் பேசுகிறாய் என்று போனது. கடைசியில் வேலை மாறலாமா, எந்தப் பெண்ணைக் கட்டலாம் என்பதற்கும் லீடர் அனுமதி. தீபாவளி லீவுக்கு ஊருக்கு வர வேண்டாம், "ஜெபக்குழு முக்கியம்" என்றார்களாம். நிறைவான வாழ்க்கை தேடிப் போனவன் தூக்க மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான்.

நான் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. சண்டை போட வரவில்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கும் சின்னப் பசங்களுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

---

நைட்_டியூட்டி

கேள்விக்குறி அண்ணா, தம்பி இப்போது எப்படி இருக்கிறார்? இதை எழுதியதற்கு நன்றி.

நான் நர்ஸ். ஹோரமாவு அண்ணாவுக்கும் பொதுவாக எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வறட்சி, எதிலும் பிடிப்பில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் என்று வரும்போது எல்லாவற்றையும் ஆவிக்குரிய பிரச்சனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் சரியில்லை, பசி இல்லை, வாரக்கணக்கில் மனம் கனமாகவே இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. 14416-க்குப் போன் போட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆட்களை நான் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். கோபம்தான் வரும்.

இன்னொன்று. நிறைவான வாழ்க்கை என்றால் எல்லாம் ஜெயமாகப் போகும் வாழ்க்கை என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வேலைக்கு வந்த ஊர் நம் பெங்களூர்தான், இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு. பிறகு திருநெல்வேலிச் சீமை, 1901-லிருந்து டோனாவூர். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அவருடைய அறையிலேயேதான் இருந்தார். படுக்கையில் இருக்கிற நோயாளிகள் எவ்வளவு சிடுசிடுப்பார்கள், ஏன் சிடுசிடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இருபது வருடத்தில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார், அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகள் அந்த அறைக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். அதனால் பரிபூரணம் என்ற பேச்சு வந்தால் எனக்கு மேடையைவிட அந்த அறைதான் ஞாபகம் வரும்.

---

கேள்விக்குறி

@நைட்_டியூட்டி இப்போது நன்றாக இருக்கிறான்மா. டாக்டரிடம் போனான், வேலைக்கும் போகிறான். கேட்டதற்கு நன்றி.

---

மில்லர்ஸ்_ரோடு

இறையியல் படிக்கும் மாணவன். பங்காரப்பேட்டைப் பெரியவர், கேள்விக்குறி அண்ணன் இரண்டு பேரும் சொல்வதற்கு வரலாற்றில் இடம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன் (சுருக்கமாக வராது, தெரியும்).

1742. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. எப்படி அடைப்பது என்று பேசும்போது கேப்டன் ஃபோய் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்றதும், மிக ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே கட்டுகிறேன் என்றார். அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். தலைவர் வாராவாரம் வீடு வீடாகக் காசு வசூலிக்கப் போனார். போன இடத்தில் என்ன தெரிந்தது? ஒருவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், இன்னொரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிறு கூட்டத்தில் தெரியாதது எல்லாம் பென்னி வாங்கப் போனபோது தெரிந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். வசூல் வாராந்தரக் கூட்டமாக மாறியது. ஒவ்வொருவரும் தன் ஆத்துமா எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் இயக்கம் நின்றது பிரசங்கத்தால் மட்டுமல்ல, இந்தச் சின்னக் குழுக்களால்தான் என்று சொல்பவர்கள் பலர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கேள்விக்குறி அண்ணன் சொன்ன பக்கமும் உண்மை. 1970-களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேல் ஊரிலிருந்து ஐந்து போதகர்கள் இதே சீஷத்துவத்தைப் பெரிய அளவில் நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொருவர். வேலை, கல்யாணம், வீடு மாறுவது வரை மேய்ப்பரைக் கேட்க வேண்டும் என்ற நிலை வந்து பலர் நொறுங்கினார்கள். அந்த ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபர்டு பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? வெஸ்லியின் குழுவில் தலைவரும் தன் நிலையைச் சொன்னார். அவர்தான் முதலில் சொல்வார். மற்றதில் அறிக்கை கீழிருந்து மேலே மட்டும் போனது.

---

கேள்விக்குறி

இது நியாயமான பதில். என் தம்பியின் லீடர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, "ஜெயமுள்ள வாழ்க்கை" என்பதைத் தவிர.

ஆனால் தலைவர் முதலில் பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் நடிக்கலாமே. "நானும் பலவீனன்தான்" என்று ஆரம்பித்து அடுத்தவன் ரகசியத்தை வாங்குகிறவர்கள் உண்டு.

---

மில்லர்ஸ்_ரோடு

உண்டு. அதற்கு மருந்து என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 1935-லிருந்து 1937 வரை ஜெர்மனியில் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் ஒரு ரகசியக் குருமடம் நடத்தினார், கடைசியில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ அதை மூடியது. அங்கே மாணவர்கள் ஒருவருக்கொருவர் தனியாகப் பாவ அறிக்கை செய்ய ஊக்குவித்தார். ஒரு கட்டாயமும் இல்லை. அவரே தன் மாணவர் ஒருவரிடம் போய் அறிக்கை செய்தார். ஆசிரியர் மாணவனிடம். அந்தத் திசையை நடிப்பது கஷ்டம் என்று நினைக்கிறேன்.

---

பசிலிக்கா_தெரு

கத்தோலிக்கப் பெண் ஒருத்தி உள்ளே வரலாமா? சிவாஜிநகர்.

நீங்கள் எல்லோரும் ஆள் தேடுவதிலேயே நிற்கிறீர்கள். எங்களிடம் தனியாகச் செய்யும் ஒரு பழக்கமும் உண்டு, ஹோரமாவு அண்ணனுடைய செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு அதுதான் நேரான பதில் என்று நினைக்கிறேன். புனித இஞ்ஞாசியார் தான் தொடங்கிய இயேசு சபைத் துறவிகளுக்குக் கொடுத்த ஆன்மச் சோதனை. மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை. முதலில் அன்றைக்கு நடந்த நல்லதுக்கு நன்றி. அப்புறம் வெளிச்சம் கேட்பது. பிறகு காலையிலிருந்து நடந்ததை மணிவாரியாக ஓட்டிப் பார்ப்பது: யாரிடம் எப்படிப் பேசினேன், எங்கே மனம் சுருங்கியது, எங்கே விரிந்தது. தவறியதற்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரு தீர்மானம்.

நான் மெட்ரோவில் வரும்போது செய்கிறேன். தவக்காலத்தில் ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் "கோபப்பட்டேன், மன்னியும்" என்று மொத்தமாக முடித்துவிடுவேன். மணிவாரியாகப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், என் கோபம் எல்லாம் சம்பளத்துக்கு இருக்கிறவர்கள்மேல் மட்டுமே வருகிறது என்று தெரிந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, செக்யூரிட்டி, டெலிவரி பையன். மேனேஜரிடம் ஒரு நாளும் வந்ததில்லை. அப்படியானால் அது குணம் இல்லை, கணக்குப் பார்த்து வரும் கோபம். பெரியவர் சொன்ன டின் இதுதான் போல.

இந்த வழியில் வளர விரும்புகிறவர்கள் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தைப் போய்ப் பாருங்கள். 1967-ல் பெங்களூரில் என்.பி.சி.எல்.சி. என்ற கத்தோலிக்க வேதாகம, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அமலோர்பவதாஸ் அடிகளார் பிறகு அங்கே தொடங்கியது. நம் தமிழ்நாட்டுக்காரர்தான்.

---

ஜெயமுண்டு

இயேசு இருக்கும்போது ஆசிரமம் எதற்கு? இஞ்ஞாசியார் எதற்கு? வசனம் போதும்.

---

பங்காரப்பேட்டை_லோக்கல்

வசனம் போதும்தான் தம்பி. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16-ல் வசனம்தான் சொல்கிறது. அதை எப்போது, யாரிடம் செய்தாய் என்று எழுது, படிக்கிறோம்.

---

ஆயரம்மா

என் வீட்டுக்காரர் போதகர், எந்தச் சபை என்று சொல்லமாட்டேன்.

தம்பி ஹோரமாவு, நீ செய்கிற வேலைகளில் பாதியை விடு. சொன்னால் உன் பாஸ்டருக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. நன்றாகப் பாடுகிற, வாசிக்கிற, ஓடியாடுகிற பையன் கிடைத்தால் சபை அவனைப் பிழிந்துவிடும். அவன் உள்ளே எப்படி இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. கிட்டார் வாசிக்கிறவன் விழுந்தால்தான் விசாரிப்பார்கள்.

இயேசுவின் பேச்சைக் கேட்க உட்காராமல் பணிவிடையிலேயே ஓடிய மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிவிட்டு, மதியம் லவ் ஃபீஸ்டுக்கு எந்தப் பெண்கள் வெங்காயம் நறுக்குவது என்று பட்டியல் போடுகிறவர்கள் நாம். பெண்களுக்குச் சீஷத்துவம் என்றால் சமையல் கட்டில் நிற்பது என்றே பல சபைகளில் ஆகிப்போனது. அதனால் நாங்கள் சில பெண்கள் புதன்கிழமை மதியம், பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும்போது, ஒருத்தி வீட்டில் உட்காருகிறோம். சுவிசேஷத்தில் ஒரு பகுதியைச் சத்தமாக இரண்டு முறை வாசிப்போம். பிறகு ஒருத்தி பேசுவாள், மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது. இந்த ஒரு சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. தமிழ்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து புத்தி சொல்லாமல் இருப்பதே ஆவியின் கனி என்று நான் சொல்வேன்.

இதில் எனக்குத் தெரிந்த மாற்றம் எது என்று கேட்டால், என் மாமியாரைப் பற்றி நான் பேசும் விதம். அவர் மாறவில்லை. என் பேச்சு மாறியிருக்கிறது என்று என் மகள்தான் சொன்னாள்.

---

ஹோரமாவு_வாசி

இவ்வளவு பதில்கள் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, ஜெயமுண்டு பிரதர் உட்பட.

ஆயரம்மா சொன்னதை முதலில் செய்துவிட்டேன். வாலிபர் கூட்டத்தை வேறொரு பையனிடம் கொடுத்தேன். பாஸ்டர் முகம் சுருங்கியது, சரி. பெரியவர் சொன்னபடி மனைவியிடம் "என் டின் எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நீங்க யார்கிட்டயும் ஸாரி சொன்னதே இல்ல" என்றாள். அவளிடம் சொன்னேன். மறுநாள் டீமில் ஒரு பெண்ணிடமும் சொன்னேன், எல்லோரும் இருந்த ஆன்லைன் மீட்டிங்கில் அவளை மட்டம் தட்டியிருந்தேன், அதனால் மன்னிப்பையும் அதே மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும். பெரிய சமாதானம் ஒன்றும் இறங்கவில்லை. கூச்சமாக இருந்தது. அடுத்த நாள் அவள் ஒரு ரிவ்யூவில் நான் எழுதிய புரோகிராமில் இருந்த தப்பைப் பயப்படாமல் காட்டினாள், உள்ளே சுருக்கென்றது. ஆக, வேலை நிறைய இருக்கிறது.

மெட்ரோ சோதனையையும் ஆரம்பித்தேன். பாதி நாள் தூங்கிவிடுகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. தெருவில் நிற்கும் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? கேள்விக்குறி அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு பயமாகத்தான் இருக்கிறது.

---

பங்காரப்பேட்டை_லோக்கல்

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதவியில் இருக்கிறவர் வேண்டாம், உன் பாஸ்டரும் வேண்டாம். உன்னிடம் எதுவும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஆள் நல்லது. அவர் வீட்டுக்கு ஒரு தடவையாவது போய், அவர் மனைவி பிள்ளைகள் அவர் முன்னால் எப்படி இருக்கிறார்கள் என்று பார். பிள்ளை எதிர்த்துப் பேசுகிற வீடு என்றால் பயப்படாதே. சத்தமே இல்லாத வீடு என்றால் யோசி. அவர் தன் கதையைச் சொல்லாமல் உன் கதையைக் கேட்டால் எழுந்து வந்துவிடு. "இதை வெளியே சொல்லாதே" என்று அவர் சொன்னால் அன்றைக்கே விட்டுவிடு. பணம், கல்யாணம், வேலை இந்த மூன்றிலும் அவர் அபிப்பிராயம் சொல்லலாம், உத்தரவு போடக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று முதல் நாளே இரண்டு பேரும் பேசிவையுங்கள்.

---

கேள்விக்குறி

ஐயா, இந்தப் பட்டியலை என் தம்பிக்கு அனுப்பினேன். "இது அப்பவே கிடைச்சிருந்தா" என்று பதில் போட்டான்.

ஒரு கேள்வி. நீங்கள் இப்படி யாருடனாவது உட்காருகிறீர்களா? விசுவாசம் பற்றி முடிவெடுக்காத ஆள், ஜெபத்தில் கண்ணை மூடாத ஆள், அங்கே வரலாமா? எனக்கு அல்ல, அவனுக்காகத்தான் கேட்கிறேன். சரி, எனக்கும்தான்.

---

பங்காரப்பேட்டை_லோக்கல்

உட்காருகிறோம். மூன்று பேர், ஒருத்தர் ரிட்டயர்டு டிரைவர், ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். வரலாம். கண்ணை மூடவேண்டாம், நானே பாதி நேரம் காபி ஆறிவிடும் என்று திறந்துதான் வைத்திருப்பேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா; அவன் பேசவேண்டாம், பேசும்போது பேசட்டும். கே.ஆர்.புரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு தர்ஷினி (நின்று சாப்பிடும் சின்ன ஹோட்டல்), இடத்தைத் தனியாக மெசேஜ் போடுகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணி. எட்டரைக்கு மேல் அங்கே நிற்கவும் இடம் கிடைக்காது.